மிட்செல்-வெப் திரும்பி வந்தாயிற்று: வாரம் ஒன்றா, மொத்தமாகவா, பழையதே போதுமா?

பிரிட்டிஷ் நகைச்சுவை ஜோடியான டேவிட் மிட்செலும் ராபர்ட் வெப்பும் தொலைக்காட்சியில் ஸ்கெட்ச் காமெடி, அதாவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகள், செய்வதை 2010-இல் நிறுத்தினார்கள். பதினைந்து வருடம் கழித்து, 2025 செப்டம்பரில், பிரிட்டனின் சேனல் 4-இல் 'மிட்செல் அண்ட் வெப் ஆர் நாட் ஹெல்ப்பிங்' என்ற புது நிகழ்ச்சியோடு வந்தார்கள். இது நடக்காதா என்று இத்தனை காலம் ஏங்கிய ரசிகர் கூட்டத்தில் நானும் உண்டு. நடந்துவிட்டது, பார்த்தும் ஆயிற்று. சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான். முழுச் சந்தோஷமா என்றால் பதில் சட்டென்று வரவில்லை. சில ஸ்கெட்ச்களுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். சிலவற்றை ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள் என்று தோன்றியது. இன்னும் சில இடங்களில் சிரிப்பே வரவில்லை, ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் நிற்கிறார்களே, அதற்காகவே.

இப்படி இரண்டுங்கெட்டான் மனநிலையில் இருக்கும் ரசிகருக்கு நாலு வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு எபிசோட் என்று நிதானமாகப் பார்ப்பது ஒன்று. மொத்தத்தையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடுவது இன்னொன்று. இணையத்தில் சுற்றும் துண்டுக் காட்சிகள் போதும் என்று இருந்துவிடலாம். அதுவும் வேண்டாம் என்றால், புதியதைத் தொடாமல் பழைய நிகழ்ச்சிகளோடு நின்றுகொள்ளலாம். எப்படிப் பார்த்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். கதைத் தொடருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். ஸ்கெட்ச் காமெடிக்குப் பொருந்தாது. அங்கே ஒரு ஜோக் எடுபடுவதும் படுத்துவிடுவதும் அதைப் பார்க்கும் இடைவெளியைப் பொறுத்தது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் ஒரு கேள்வி. இந்த ஜோடி உங்களுக்கு எதன் மூலம் அறிமுகம்? பீப் ஷோவா, ஸ்கெட்ச் நிகழ்ச்சியா? ஏமாற்றம் அடைந்தவர்களில் பாதிப் பேருடைய சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இருவரும் நடித்த நகைச்சுவைத் தொடரான பீப் ஷோ 2003 முதல் 2015 வரை ஒன்பது சீசன் ஓடியது. காட்சிகள் முழுக்க கதாபாத்திரங்களின் கண் வழியாகவே எடுக்கப்பட்டிருக்கும். மிட்செலின் மார்க்கும் வெப்பின் ஜெரமியும் வெளியே பேசுவது ஒன்று, உள்ளே நினைப்பது வேறு. நமக்கு இரண்டும் கேட்கும். அந்த மூச்சுமுட்டும் நெருக்கத்தில்தான் சிரிப்பே. ஆனால் அதை எழுதியவர்கள் மிட்செலும் வெப்பும் இல்லை. ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங்கும் சாம் பெய்னும். ஆம்ஸ்ட்ராங்தான் பின்னாளில் 'சக்சஷன்' தொடரை உருவாக்கியவர். அதாவது பீப் ஷோவில் நாம் பார்த்தது மிட்செல், வெப் என்ற இரண்டு நடிகர்களை. 2006 முதல் 2010 வரை பிபிசி 2-இல் வந்த 'தட் மிட்செல் அண்ட் வெப் லுக்' நிகழ்ச்சியில் பார்த்தது மிட்செல், வெப் என்ற இரண்டு எழுத்தாளர்களை. அங்கே ஜான் ஃபின்மோர், ஜேம்ஸ் பாக்மன், மார்க் எவன்ஸ் போன்றவர்களும் கூடச் சேர்ந்து எழுதினார்கள். புதிய நிகழ்ச்சி இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. மார்க்கும் ஜெரமியும் இதில் கிடைப்பார்கள் என்று வருகிறவர்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு என் பரிந்துரை நேரானது. புதிய நிகழ்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் 'பேக்' பாருங்கள். சைமன் பிளாக்வெல் எழுதியது, சேனல் 4-இல் 2017-இலும் 2021-இலும் இரண்டு சீசன் வந்தது. அப்பா இறந்தபின் குடும்பத்தின் மதுக்கடையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நினைக்கும் மகன் மிட்செல். சின்ன வயதில் கொஞ்ச நாள் அந்தக் குடும்பம் வளர்த்த பையன் வெப். அவன் திடீரென்று வந்து ஒட்டிக்கொள்கிறான், எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். பீப் ஷோவில் பிடித்த அந்தப் பொருமலும் பொறாமையும் இங்கே வயது முதிர்ந்து, கொஞ்சம் இருட்டாகத் திரும்ப வருகின்றன. இந்தத் தொடருக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஸ்கெட்ச் வழியாக வந்தவர்களுக்குத்தான் உண்மையான தர்மசங்கடம். ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் நாம் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று நின்று யோசித்தால் அந்த ஒப்பீட்டில் நியாயம் கொஞ்சம்தான். பழைய நிகழ்ச்சி நாலு சீசன். அதிலிருந்து நமக்கு நினைவில் நிற்பது பத்துப் பதினைந்து ஸ்கெட்ச் இருக்கும். மீதியெல்லாம் மறந்துபோனது. மறந்தது மறந்ததாகவே போய்விட்டதால், நிகழ்ச்சி முழுக்கவே அந்தப் பத்துப் பதினைந்தின் தரத்தில் இருந்தது போல ஒரு பிரமை. புதிய நிகழ்ச்சிக்கு அந்த வசதி இல்லை. அதில் சுமாரானதும் சொதப்பியதும் இப்போதுதான் கண்முன் நடக்கின்றன. மறக்க நமக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

இது அந்த இருவருக்குமே நன்றாகத் தெரிந்த விஷயம். ஸ்கெட்ச் நிகழ்ச்சி என்றாலே சில எடுபடும், சில எடுபடாது என்று விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்வார்கள் இல்லையா, அதையே எடுத்து, எடுபடாதவற்றையும் திட்டம் போட்டு எழுதுவது போலப் பழைய நிகழ்ச்சியிலேயே ஒரு ஸ்கெட்ச் செய்தார்கள்.

இதோடு இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பழைய நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வருமுன்பே, 2003 முதல், பிபிசி ரேடியோ 4-இல் 'தட் மிட்செல் அண்ட் வெப் சவுண்ட்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோதான் அவர்களுடைய நாற்றங்கால். அங்கே முளைத்து, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் சிரிப்பைப் பார்த்துத் தேறிய ஸ்கெட்ச்கள் பல தொலைக்காட்சிக்கு வந்தன. ஆக, 2006-இல் நாம் பார்த்த முதல் சீசன் புத்தம் புதுச் சரக்கு இல்லை. அவர்களும் பொறுக்கியெடுத்த பின்பே நம்மிடம் கொடுத்தார்கள்.

இதே பாடத்தை இன்னொரு ஜோடி வேறு விதமாகக் கற்றது. நியூசிலாந்தின் 'ஃபிளைட் ஆஃப் தி கான்கார்ட்ஸ்', பாட்டும் காமெடியும் கலந்த இருவர் குழு. 2007-இல் எச்பிஓவில் வந்த முதல் சீசனில் பெரும்பாலும் மேடையில் வருடக்கணக்காகப் பாடிப் பாடி மெருகேற்றிய பாட்டுகள். 2009-இல் வந்த இரண்டாவது சீசனுக்குக் கையிருப்பு தீர்ந்துபோய், கதையோடு சேர்த்துப் பாட்டையும் புதிதாக எழுத வேண்டி வந்தது. அந்த வேலைப்பளு தாங்காது என்றுதான் மூன்றாவது சீசன் வேண்டாமென்று அவர்களே விலகினார்கள். முதல் சீசன் ரசிகர்களுக்கு இரண்டாவது சீசன் ஏன் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். திறமை குறையவில்லை. ஊறப்போடும் காலம் குறைந்தது.

சரி, பார்ப்பது என்று முடிவு செய்தால், வாரம் ஒன்றா, மொத்தமாகவா?

ஸ்கெட்ச் நிகழ்ச்சியின் முதுகெலும்பு திரும்பத் திரும்ப வரும் காட்சிகள்தான். பழைய நிகழ்ச்சியின் 'நம்பர்வாங்' நல்ல உதாரணம். டிவி வினாடி வினா போல ஒரு செட். இரண்டு போட்டியாளர்கள் வாய்க்கு வந்த எண்களைச் சொல்கிறார்கள். தொகுப்பாளரான வெப் திடீரென்று ஏதோ ஓர் எண்ணுக்கு, அதுதான் நம்பர்வாங் என்று குதிக்கிறார். விதி என்ன? விதியே கிடையாது. முதல் முறை பார்க்கும்போது, என்ன இது என்று விழிப்போம். அடுத்த வாரம் அதே இசை, அதே செட், அதே பரபரப்பு. மூன்றாவது தடவை பலகையைச் சுழற்ற வேண்டும் என்று வெப் அறிவிக்கும்போது, விதியே இல்லாத ஆட்டத்தில் அது முக்கியமான கட்டம் என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். அங்கேதான் சிரிப்பு வெடிக்கிறது. நடுவில் ஒரு வாரம் ஓடியிருப்பதால்தான் இது வேலை செய்கிறது. அதை அரைகுறையாக மறந்திருப்போம், இசை கேட்டதும் ஞாபகம் வரும், வந்தவுடன் ஒரு குஷி. அதே நம்பர்வாங் காட்சிகளை ஒரே மாலையில் வரிசையாகப் பார்த்துப் பாருங்கள். நாலாவதில் அலுப்புத் தட்டும்.

'க்விஸ் பிராட்காஸ்ட்' இதைவிட நுட்பமானது. ஏதோ ஒரு பேரழிவுக்குப் பிறகு உயிர் தப்பியவர்களுக்காக நடக்கும் வினாடி வினா. மிட்செல் தொகுப்பாளர். கேள்விகளுக்கு யாருக்கும் பதில் தெரியாது, ஏனென்றால் உலகத்தைப் பற்றிய ஞாபகமே யாரிடமும் மிச்சமில்லை. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவிப்பு நடுநடுவே வரும். முதல் முறை இது வெறும் கேலி. அடுத்தடுத்து வரும்போது அந்த உலகத்தைப் பற்றி ஒவ்வொரு துளியாகக் கசியும். குழந்தைகள் என்றால் என்ன என்பதுகூட அவர்களுக்கு மறந்துவிட்டது என்று தெரியவரும் இடத்தில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். துளித் துளியாகக் கொடுத்ததால்தான் அந்தப் பயம் உள்ளே இறங்கியது. ஒரே மூச்சில் பார்த்தால் அதுவும் இன்னொரு ஜோக்காகக் கடந்துபோயிருக்கும்.

அதனால் என் தேர்வு வாரம் ஒன்று. எல்லா எபிசோடும் ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு வாரம் காத்திருப்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொத்தமாகப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பழையதையும் அப்படிப் பார்த்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்குமா?

மொத்தமாகப் பார்ப்பதில் நன்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதல் எபிசோட் பிடிக்காமல்போனால் வாரம் ஒன்று என்கிறவர் இரண்டாவதற்குத் திரும்பாமலே போகலாம். மொத்தமாகப் பார்க்கிறவர் அந்தத் தடையைத் தாண்டிவிடுவார். புது நடிகர்களின் முகமும் சீக்கிரம் பழகிவிடும். இந்த நிகழ்ச்சியில் அது சின்ன விஷயம் இல்லை. கீல் ஸ்மித்-பினோ, ஸ்டீவி மார்ட்டின், லாரா ரிக்கோட், கிரிஸ்டல் எவன்ஸ் என்று இளைய தலைமுறைக் கலைஞர்கள் கூட வந்திருக்கிறார்கள். பழைய நிகழ்ச்சியில் அந்த இடத்தில் ஒலிவியா கோல்மன் இருந்தார், பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய அதே கோல்மன். நம்பர்வாங் போட்டியாளராக அவர் காட்டும் அந்த அசட்டுத் தீவிரத்தை மறக்க முடியாது. புதியவர்களை அவரோடு ஒப்பிடுவது அநியாயம். 2006-இல் கோல்மனையும் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனாலும், அரை மணி நேரத்தை ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ளும்போது மிட்செலும் வெப்பும் மட்டும் எதிரெதிரே நிற்கும் நேரம் குறையத்தானே செய்யும். என் குறை இது ஒன்றுதான். நான் வந்தது அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைப் பார்க்க.

அந்தப் பார்வை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால், பழைய நிகழ்ச்சியின் முதல் சீசனில் வரும் நாஜி அதிகாரிகள் ஸ்கெட்சைக் கவனித்துப் பாருங்கள். போர்முனையில் இரண்டு எஸ்எஸ் அதிகாரிகள். எதிரி வரப்போகிறான். மிட்செலுக்கு ஒரு சந்தேகம்: நம்முடைய தொப்பியில் ஏன் மண்டை ஓடு போட்டிருக்கிறார்கள்? கேட்கவே கூச்சம், தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார். நாம் கெட்டவர்களோ என்பதுதான் அவர் கேட்க வருவது. எல்லோரும் மிட்செலின் கேள்வியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். நான் பார்ப்பது வெப்பின் முகத்தை. முதலில் அசட்டை, அப்புறம் ஏதாவது நல்ல விளக்கம் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை, அது ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க மெல்லப் படரும் கலவரம். ஒருவர் தர்க்கத்தால் நெருக்குகிறார், இன்னொருவர் இளிப்பாலும் சமாளிப்பாலும் நழுவப் பார்க்கிறார். இந்த ஜோடியின் மொத்தச் சாரமும் அந்தச் சில நிமிடத்தில் இருக்கிறது. புதிய நிகழ்ச்சியில் அவர்கள் இருவர் மட்டும் வரும் ஸ்கெட்ச்களில் இது அப்படியே இருக்கிறது. மிட்செலின் எரிச்சல் இன்னும் கூர்மை, வெப்பின் உடல்மொழி இன்னும் லாகவம். எனக்கு இன்னும் வேண்டும், அவ்வளவுதான்.

துண்டுக் காட்சிகள் மட்டும் போதும் என்கிற வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நாமே அதில் வளர்ந்தவர்கள்தான். கவுண்டமணி-செந்தில் காமெடியைப் படத்தின் கதையோடு சேர்த்து ஞாபகம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? காமெடி டிராக் தனியாக எழுதப்பட்டது, தனியாகவே வெட்டி எடுக்கவும் முடிந்தது, தனியாகவே வாழ்கிறது. ஸ்கெட்சும் பிறப்பிலேயே துண்டுதான். அதனால் துண்டாகப் பார்ப்பது ஒன்றும் பாவமில்லை. நஷ்டம் எங்கே என்றால், எந்தத் துண்டு நம் கண்ணில் படும் என்பதை யாரோ ஏற்கெனவே தீர்மானித்திருப்பார்கள். முதல் நொடியிலேயே புரிகிற, அரசியல் சூடு உள்ள, பகிரத் தோதான ஸ்கெட்ச் மேலே வரும். மெதுவாகச் சூடேறுகிறவை வராது. பழைய நிகழ்ச்சியின் டெட், பீட்டர் என்ற இரண்டு ஸ்னூக்கர் வர்ணனையாளர்கள் எனக்கு உயிர். ஆட்டத்தை விட்டுவிட்டு வாழ்க்கையின் தோல்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டே குடிப்பார்கள். அவர்களை முதல் துண்டில் ரசித்துவிட முடியாது, பழக வேண்டும். துண்டுக் காட்சிகளில் கிடைக்காதது இந்தப் பழக்கம்தான்.

கவுண்டமணி-செந்தில் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடியை நாம் அந்த இருவருடையதாகத்தான் கொண்டாடுகிறோம். அதை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ஜோடி என்றால் இரண்டு பேர் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் மூன்றாவதாக ஒருவர் எழுதிக்கொண்டு பின்னால் இருக்கிறார். ஒரு ஜோடியின் புதிய நிகழ்ச்சி பழைய மாதிரி இல்லை என்று தோன்றும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்த மூன்றாவது ஆளை.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி எரிக் மோர்கம், எர்னி வைஸ் ஜோடியின் கதை. பிரிட்டனில் இவர்களை மிஞ்சிய ஜோடி இல்லை என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் இவர்களுடைய முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சி, 1954-இல் பிபிசியில் வந்த 'ரன்னிங் வைல்ட்', படுதோல்வி. டிவி பெட்டி என்பது மோர்கமையும் வைஸையும் புதைத்த பெட்டி என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தத் துண்டுச் செய்தியை எரிக் பல வருடம் தன் பர்சிலேயே வைத்திருந்தார். 1961-இல் ஏடிவி என்ற தனியார் தொலைக்காட்சிக்காக ஆரம்பித்த நிகழ்ச்சி, டிக் ஹில்ஸ், சிட் கிரீன் இருவரின் எழுத்தில் அவர்களை மறுபடி நிமிர்த்தியது. 1968-இல் பிபிசிக்கு வந்தார்கள். அந்த வருடமே எரிக்குக்கு மாரடைப்பு. அவர் தேறி வருவாரா என்று தெரியாத நிலையில் எழுத்தாளர்கள் இருவரும் வேறு இடம் போய்விட்டார்கள்.

அப்போது வந்தவர்தான் எடி பிரேபன். லிவர்பூல்காரர், கென் டாட் என்ற நகைச்சுவை நடிகருக்கு எழுதிக்கொண்டிருந்தவர். எரிக்கையும் எர்னியையும் நேரில் சந்தித்தபோது அவர் கண்டது, மேடையில் யாரும் பார்த்திராத ஒன்று: இருவருக்கும் நடுவே இருந்த பாசம். அதுவரை எரிக் அசடு, எர்னி அவரைத் திட்டித் திருத்துகிறவர், அவ்வளவுதான். பிரேபன் அதைக் கலைத்துப் போட்டார். எர்னியைத் தற்பெருமை பிடித்த, தன் நாடகங்கள் பெரிய காவியம் என்று நம்புகிற எழுத்தாளராக்கினார். எரிக்கை அவரைக் கிண்டல் செய்யும் நண்பராக்கினார், ஆனால் வேறு யாரும் எர்னியைக் கிண்டல் செய்ய விடாத நண்பர். இருவரையும் ஒரே வீட்டில் குடிவைத்தார், ஒரே கட்டிலில் படுக்கவும் வைத்தார். எரிக் முதலில் தயங்கினார். லாரலும் ஹார்டியும் அப்படிப் படுத்தவர்கள்தானே என்று சொன்னதும் சம்மதித்தார். நாம் இன்று மோர்கம்-வைஸ் என்று நினைக்கும் ஜோடி 1969-இல் இப்படித்தான் உருவானது. 1977 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

அடுத்த வருடமே அவர்கள் தேம்ஸ் தொலைக்காட்சிக்கு மாறினார்கள். ஜோடி அதே ஜோடி, புகழும் அதே புகழ். பிரேபன் மட்டும் பிபிசி ஒப்பந்தத்தால் உடனே கூட வர முடியவில்லை. என்னவோ குறைகிறதே என்று ரசிகர்கள் உணர்ந்தார்கள். சிலர் அதை வயது என்றார்கள், சிலர் பழைய சரக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். பிரேபன் பிற்பாடு வந்து சேர்ந்தார், ஆனாலும் பிபிசி காலம் திரும்பவில்லை. எரிக்கின் உடல்நிலையும் இடம் கொடுக்கவில்லை. 1984-இல் அவர் காலமானார்.

மிட்செல்-வெப் ரசிகர்களுக்கு இது எப்படி உதவும்? எபிசோட் முடிந்ததும் ஓடும் பெயர்களை நிறுத்திப் படியுங்கள். எந்த ஸ்கெட்சில் அவர்களுடைய குரல் கேட்கிறது, எதில் வேறு கை தெரிகிறது என்று கவனியுங்கள். சொந்தமாக எழுதும் ஜோடி என்பதால் மோர்கம்-வைஸுக்கு நேர்ந்த அளவுக்கு இவர்களுக்கு நேராது. ஆனால் பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு கூட்டாக எழுதும் பழக்கமே ஒரு சீசன் ஓடித்தான் பிடிபடும்.

கடைசி வழி, புதியதைத் தொடாமல் இருப்பது. இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் பழைய நிகழ்ச்சி முடிந்த விதம் அப்படி. 2010-இன் கடைசி எபிசோட் முடிவது முதுமையில் நினைவு தப்பிய ஷெர்லாக் ஹோம்ஸோடு. துப்பறிகிறேன் என்று அவர் உளறுவதை மற்றவர்கள் அவருக்காக நிஜம் போல நடத்திக்காட்டுகிறார்கள். வாட்ஸனுக்கு மட்டும் தாங்கவில்லை. தனக்கு என்ன நடக்கிறது என்பது ஹோம்ஸுக்கும் தெரிந்தே இருக்கிறது என்று ஒரு கணத்தில் வெளிப்படும். அதோடு நிகழ்ச்சி முடிகிறது, சிரிப்பு இல்லாமல். ஒரு காமெடி நிகழ்ச்சி இதைவிட கண்ணியமாக விடைபெற்று நான் பார்த்ததில்லை. அப்படி மூடிய கதவை மறுபடி ஏன் திறக்க வேண்டும் என்று கேட்பவர்களின் வருத்தம் எனக்கு முழுக்கப் புரிகிறது.

திரும்பாதவர்களின் புகழ் பத்திரமாக இருப்பதும் உண்மை. ஸ்டீபன் ஃபிரை, ஹியூ லாரி ஜோடி 1995-இல் தங்கள் ஸ்கெட்ச் நிகழ்ச்சியை முடித்த பிறகு இன்னொன்று செய்யவில்லை. லாரி 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் நாயகன் ஆனார். அமெரிக்க ஸ்கெட்ச் ஜோடியான கீகன்-மைக்கேல் கீயும் ஜோர்டன் பீலும் ஐந்து சீசனோடு 2015-இல் தாங்களாகவே நிறுத்தினார்கள். பீல் திகில் படங்களுக்குப் போனார். இவர்களைப் பற்றி யாரும், முன்பு மாதிரி இல்லை என்று சொல்ல முடியாது. ரோனி பார்க்கர், ரோனி கார்பெட் என்ற 'டூ ரோனிஸ்' ஜோடி பாதுகாப்பான நடுவழி ஒன்று பிடித்தது. 2005-இல் 'ஸ்கெட்ச்புக்' என்று திரும்பி வந்தபோது, இருவரும் மேசையில் உட்கார்ந்து பழைய ஸ்கெட்ச்களுக்கு முன்னுரை சொன்னார்கள். அந்த வருடம் அக்டோபரில் ரோனி பார்க்கர் இறந்துபோனார். ரசிகர்களுக்கு அது மனசு நிறைந்த பிரியாவிடை.

மிட்செலும் வெப்பும் அப்படி ஒரு பிரியாவிடையோடு வந்திருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம்பர்வாங்கைத் தூசி தட்டி எடுத்திருந்தால் கைத்தட்டல் நிச்சயம். அதைச் செய்யாமல், ஐம்பது வயதைத் தாண்டியபின், புதுக் குழுவோடு புதிதாக எழுதி, தோற்கவும் வாய்ப்பு உண்டு என்று தெரிந்தே வந்து நிற்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயம். 'பேக்' இரண்டாவது சீசனுக்கு முன்னால் நடந்த வழக்கமான உடல் பரிசோதனையில்தான் வெப்பின் இதய வால்வில் கோளாறு இருப்பது தெரிந்தது. 2019-இல் அறுவை சிகிச்சை நடந்தது. அதைத் தாண்டி வந்த மனிதர் திரையில் மறுபடி குதித்துக் கும்மாளம் போடுவதைப் பார்க்கும்போது வரும் நிறைவை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த நிறைவையும் ஸ்கெட்ச் நன்றாக இருந்ததா என்ற கேள்வியையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். முதலாவது எந்த எபிசோடிலும் குறையவில்லை. இரண்டாவது எபிசோடுக்கு எபிசோட் மாறுகிறது.

ஆக, பார்க்கத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய ஸ்கெட்ச் நிகழ்ச்சியை நேசித்தவர் என்றால் வாரம் ஒன்றாக, சீசன் முடியும் வரை பாருங்கள். நடுவில் பழைய நிகழ்ச்சியை எடுத்துப் பார்க்காதீர்கள். பார்த்தால் அடுத்த எபிசோடில் ஒவ்வொரு ஸ்கெட்சையும் தராசில் வைக்கத் தோன்றும். பீப் ஷோ ரசிகர் என்றால் 'பேக்' முடித்துவிட்டு வாருங்கள். ஹோம்ஸோடு விடைபெற்றதே போதும் என்று இருப்பவரை நான் வற்புறுத்த மாட்டேன். இரண்டையும் பார்த்திராதவர்தான் இதில் அதிர்ஷ்டசாலி, அவர் புதியதிலிருந்தே தொடங்கலாம். ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை. பிடித்துப்போனால் பின்னால் நாலு சீசன் காத்திருக்கிறது, அதற்கும் பின்னால் ரேடியோ இருக்கிறது.